மலைக் குளிரில் ஹார்டனரைக் கூட்டாதீர்கள், சூட்டைக் கூட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ரேடியோ கன்ட்ரோல் மாதிரி விமானத்துக்கான உறுப்புகளை ஃபைபர் கிளாஸில் வீட்டிலேயே வார்த்துக்கொள்வது பற்றித் தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் ஒரு குறிப்பு வந்திருந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த வேலையை அறிமுகப்படுத்தியது நல்ல காரியம். ஆனால் "குளிர் பிரதேசங்களில் ஹார்டனரைச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம்" என்ற ஒரு வரி அதில் இருந்தது. ரெசின் என்பது கண்ணாடி இழைத் துணியில் ஊறவைக்கும் பிசின், ஹார்டனர் அதை இறுக வைக்கச் சேர்க்கும் திரவம். நீலகிரியில் அந்த வரியை நம்பி வேலை செய்தால் பொருள் கெடும். ரெசின் எது என்று தெரியாமல் செய்தால் கண்ணும் போகக்கூடும். பள்ளி ஆய்வகங்களில் அந்தக் குறிப்பை வெட்டி ஒட்டி வைத்திருப்பார்கள் என்பதால், திருத்தத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

கடையில் "ஃபைபர் ரெசின்" என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் பாலியெஸ்டர். மாதிரி விமானத்துக்கு ஏற்றது எபாக்சி. இரண்டும் இறுகும் விதமே வேறு. பாலியெஸ்டரில் ஊற்றும் எம்.ஈ.கே.பி. என்ற திரவம் வினையைத் தூண்டிவிடுவது மட்டுமே. அதனால் 100 கிராம் ரெசினுக்கு 1 முதல் 2 கிராம் வரை, தட்பவெப்பத்தைப் பார்த்துக் கூட்டிக் குறைக்க இடமுண்டு. குறிப்பை எழுதியவர் இதைத்தான் மனத்தில் வைத்திருக்க வேண்டும். எபாக்சியில் அந்த இடமே கிடையாது. அதில் ஹார்டனர் தூண்டுகோல் அல்ல, இறுகிய பொருளின் ஒரு பாகமே அதுதான். நம் ஊரில் பரவலாகக் கிடைக்கும் எல்.ஒய். 556 என்ற எபாக்சி ரெசினுக்கு எச்.ஒய். 951 ஹார்டனர் எடைக் கணக்கில் 100-க்கு 10 முதல் 12 வரைதான். அதற்கு மேல் ஊற்றியது சேர இடமில்லாமல் உள்ளேயே தங்கிவிடும். வார்த்த உறுப்பு நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும் அளவுக்கு மெத்தென்று இருக்கும், மேற்பரப்பு வியர்க்கும், குளோ எஞ்சினின் (மெத்தனால் கலந்த எரிபொருளில் ஓடும் சிறு எஞ்சின்) எரிபொருள் பட்ட இடம் இன்னும் இளகும். ஒரு வாரம் வெயிலில் வைத்தாலும் அது சரியாகாது.

எடை பார்ப்பதிலும் இதே கண்டிப்பு வேண்டும். எஞ்சினை மூடும் ஒரு சிறிய கவுலிங்குக்கு 40 கிராம் ரெசின் போதும், அதற்கு ஹார்டனர் 4 கிராம். சமையலறைத் தராசு ஒரு கிராம் முன்னே பின்னே காட்டினால், ஹார்டனரில் அது கால் பங்குப் பிழை. 0.1 கிராம் காட்டும் சிறு டிஜிட்டல் தராசு வாங்கிக்கொள்வது நல்லது. மூடியால் அளப்பது, கண் திட்டத்தில் ஊற்றுவது இரண்டும் கூடாது. கலக்கும்போது பாத்திரத்தின் அடியையும் ஓரத்தையும் வழித்து வழித்து மூன்று நிமிடமாவது கலக்க வேண்டும். ஓரத்தில் கலக்காமல் நின்ற ரெசின்தான் பிறகு உறுப்பின் நடுவில் இறுகாத திட்டாக நிற்கும்.

பாலியெஸ்டரை எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, இது விளையாட்டல்ல. அந்த ரெசினோடு, இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட் என்று ஊதா நிறத் திரவம் ஒரு குப்பியிலும், எம்.ஈ.கே.பி. இன்னொரு குப்பியிலும் தருவார்கள். இரண்டையும் ஒன்றோடொன்று நேரடியாகக் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட்டை ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்கிய பிறகுதான் எம்.ஈ.கே.பி. சேர்க்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே சிரிஞ்சு கூடாது, இரண்டு குப்பிகளையும் ஒரே அலமாரியில் வைக்கவும் கூடாது. எம்.ஈ.கே.பி. ஒரு துளி கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம் என்பதால் கண்ணாடி அணியாமல் குப்பியைத் திறக்க வேண்டாம். பள்ளிப் பிள்ளைகள் கையில் இதைக் கொடுக்கவே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. அது மட்டுமல்ல, பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீன் என்ற திரவம் தெர்மகோலைக் கரைத்துவிடும். இறுகும்போது சுருக்கமும் அதிகம். நாற்றம் வீடு முழுக்க நிற்கும்.

சரி, ஹார்டனரைக் கூட்டக்கூடாது என்றால் குளிருக்கு என்ன செய்வது? ஊட்டியில் மார்கழி, தை இரவுகளில் வெப்பம் பூஜ்யத்தை நெருங்கும். எபாக்சியைப் பொறுத்தவரை வெப்பம் 10 டிகிரி குறைந்தால் இறுகும் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். 25 டிகிரியில் ஒரு நாளில் இறுகுவது 15 டிகிரியில் இரண்டு நாள் கேட்கும். அதற்கும் கீழே போனால் பாதியில் நின்றுபோய், தொட்டால் கெட்டி, வளைத்தால் சுள்ளியாக உடையும் நிலையில் கிடக்கும். ஆகவே வேலைக்குத் தேவை ஒரு சூட்டுப் பெட்டி.

சமவெளியிலிருந்து மீன் வரும் தெர்மகோல் பெட்டியில் பெரியதாக ஒன்றை வாங்கி, கழுவிக் காயவையுங்கள். உள்ளே பழைய மாதிரி 60 வாட் இழை பல்பு ஒன்று, எல்.இ.டி. பல்பு இதற்குப் போதிய சூடு தராது. பல்புக்கும் பெட்டிச் சுவருக்கும் இடையே ஒரு சாண் இடைவெளியும், பல்பைச் சுற்றி ஒரு தகர மறைப்பும் கட்டாயம். கோழிக்குஞ்சு பொரிக்கும் இன்குபேட்டருக்கு விற்கும் தெர்மோஸ்டாட்டை 38 டிகிரியில் வைத்து, அதன் உணரியை உறுப்பின் அருகிலேயே தொங்கவிடுங்கள். பல்பின் பக்கத்தில் தொங்கவிட்டால் பல்பு அணைந்து அணைந்து எரியும், உறுப்பு குளிர்ந்தே கிடக்கும். தின்னர், அசிட்டோன், பாலியெஸ்டர் ரெசின் எதுவும் இந்தப் பெட்டிக்குள் போகக்கூடாது, ஆவி தீப்பற்றும். மழைக்காலத்தில் மின்சாரம் போனால் பதற வேண்டாம். எபாக்சி மெதுவாகும், கெட்டுப்போகாது; வெந்நீர் நிரப்பிய இரண்டு பாட்டில்களை உள்ளே வைத்து மூடிவிட்டால் பல மணி நேரம் தாங்கும்.

அறையைச் சூடாக்கக் கரி அடுப்பையோ கேஸ் அடுப்பையோ கொளுத்தி வைப்பவர்கள் இங்கே உண்டு. மூடிய அறையில் கரி அடுப்பு உயிரையே வாங்கும் என்பது முதல் காரணம். வேலைக்கும் அது ஆகாது. எரியும் அடுப்பு வெளிவிடும் கரியமில வாயுவும் ஈரமும் எபாக்சி ஹார்டனரோடு சேர்ந்து மேற்பரப்பில் மெழுகு போன்ற ஒரு படலத்தை உண்டாக்கும். அடுப்பே இல்லாமல் மூடுபனி நாளில் ஜன்னலைத் திறந்து வைத்தாலும் இதே படலம் வரும். அதன்மேல் அடுத்த அடுக்குத் துணியோ பெயின்டோ ஒட்டாது. சில வாரத்தில் தோலாக உரிந்து வரும். உப்புத்தாளால் தேய்த்தால் படலம் போகாது, உள்ளேதான் அமுங்கும். முதலில் வெதுவெதுப்பான தண்ணீரும் சோப்பும் விட்டு, பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் கழுவி, துடைத்துக் காயவைத்து, அதன் பிறகுதான் உப்புத்தாளை எடுக்க வேண்டும்.

ரெசின் டப்பாவும் குளிரைத் தாங்காது. குளிர்காலத்தில் எல்.ஒய். 556 அடியில் வெள்ளையாகத் திப்பி கட்டி, உறைந்த தேன் போல ஆகிவிடும். கெட்டுப்போயிற்று என்று கொட்டிவிட வேண்டாம். மூடியைத் தளர்த்தி, 50 முதல் 55 டிகிரி வெந்நீரில் டப்பாவை நிறுத்தி, கண்ணாடியாகத் தெளியும் வரை வைத்திருந்தால் பழையபடி ஆகிவிடும். திப்பியோடு எடை பார்த்துக் கலந்தால் விகிதமே தப்பு. திப்பி இல்லாவிட்டாலும் இந்த ரெசின் குளிரில் மிகக் கெட்டி, துணிக்குள் இறங்காது. இறங்கவில்லையே என்று மேலே மேலே ஊற்றுவதில்தான் உறுப்பின் எடை ஏறுகிறது. கலப்பதற்கு முன் ரெசினை மட்டும் 35 டிகிரிக்குச் சூடாக்கிக்கொள்ளுங்கள். கலந்த பிறகு சூடாக்கக் கூடாது. ஒரே தடவையில் 40, 50 கிராமுக்கு மேல் கலக்கவும் வேண்டாம். ஆழமான கிண்ணத்தில் 100 கிராமுக்கு மேல் நின்றால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகைந்துவிடும்.

எடையைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இந்த மலைதான். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய 80 சதவீதம். அதே விமானம் அதே எடையோடு கீழே விழாமல் பறக்கக் குறைந்தபட்ச வேகம் 12 சதவீதம் கூடுதலாக வேண்டும். எஞ்சினோ ஐந்தில் ஒரு பங்கு சக்தியை இழந்து நிற்கிறது. சென்னையில் ஓடும் தடிமனான கவுலிங் இங்கே சுமை.

கணக்கைப் பாருங்கள். 11 சென்டிமீட்டர் விட்டம், 13 சென்டிமீட்டர் நீளமுள்ள கவுலிங்கின் பரப்பு முன்முகத்தோடு சேர்த்துச் சுமார் 550 சதுர சென்டிமீட்டர். சதுர மீட்டருக்கு 50 கிராம் எடையுள்ள நெய்த கண்ணாடித் துணி ஒரு அடுக்கு, 160 கிராம் துணி இரண்டு அடுக்கு. மொத்தத் துணி 20 கிராம், அதே எடைக்கு ரெசின், மேற்பூச்சு ஒரு 8 கிராம். ஆக 50 கிராமுக்குள் அரை மில்லிமீட்டர் தடிமனில் உறுதியான கவுலிங் கிடைக்கும். தண்ணீர்த் தொட்டிக்குப் போடும் "மேட்" என்ற நார்ப்பாயில் 300 கிராம் வகையை இரண்டு அடுக்கு போட்டால், அது தன் எடையைப் போல் இரண்டரை மடங்கு ரெசின் குடிக்கும். அதே கவுலிங் 110 கிராமைத் தாண்டும். தவிர, அந்தப் பாயின் நார்களைப் பிணைத்திருக்கும் பசை ஸ்டைரீனில் கரைவதற்காகச் செய்தது. எபாக்சியில் கரையாது, வளைவுகளில் படியாது. மேட் வேண்டவே வேண்டாம்.

இனி வார்க்கும் முறை. முதலில் கவுலிங்கின் வடிவத்திலேயே ஒரு மூல உரு, தொழிலில் பிளக் என்பார்கள். அதன்மேல் வார்த்து எடுப்பது மோல்டு என்ற இரண்டு பாதி அச்சு, அந்த அச்சுக்குள் வார்ப்பதுதான் உறுப்பு. இங்கே மரக்கடைகளில் கிடைக்கும் சில்வர் ஓக் பலகைகளை ஒட்டிக் கடையலாம், ஆனால் நன்கு உலர்ந்ததாக இருக்க வேண்டும். ஈர மரத்தில் செய்த பிளக் சூட்டுப் பெட்டிக்குள் போனதும் சுருங்கி, மேலே பூசிய பிரைமரை வெடிக்க வைக்கும். கடைவதற்கு முன்பே பலகைகளை ஒரு வாரம் அந்தப் பெட்டியில் வைத்து எடுப்பது உத்தமம். பிளக்கின் பக்கங்களுக்குப் பின்நோக்கி 2, 3 டிகிரி வாட்டம் கொடுங்கள். மூலைகளை 3 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறையாமல் உருட்டுங்கள். அதைவிடக் கூர்மையான மூலையில் துணி உட்காராமல் பாலம் போட்டு நிற்கும். பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, 400, 800, 1200 என்று தண்ணீர் விட்டு உப்புத்தாள் போடுங்கள். பிளக்கில் உள்ள ஒவ்வொரு கீறலும் மோல்டில் வரும், மோல்டில் உள்ளது உறுப்பில் வரும். இந்தக் கட்டத்தில் செலவழிக்கும் நேரம் வீண் போகாது.

பிளக்கை நீளவாக்கில் சரிபாதியாகப் பிரிக்கும் கோட்டில் சன்மைக்கா ஒட்டிய பலகையை வெட்டிப் பொருத்தி, இடுக்குகளை மாடலிங் களிமண்ணால் அடையுங்கள். பலகையில் 25 மில்லிமீட்டர் அகலம் வெளியே நிற்க வேண்டும். அதன்மேல் படிவதுதான் பிறகு ஃபிளாஞ்ச், அதாவது இரண்டு பாதிகளையும் போல்ட் போட்டுப் பூட்டும் விளிம்பு. ரெசின் ஒட்டாமல் கழல வைக்கும் மெழுகான மோல்டு ரிலீஸ் வாக்ஸ் ஆறு பூச்சு. ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு மணி நேரம், ஒவ்வொன்றையும் துணியால் மெருகேற்றிய பிறகே அடுத்தது. அதன்மேல், காய்ந்து மெல்லிய பிரிப்புப் படலமாகும் பி.வி.ஏ. (பாலிவினைல் ஆல்கஹால்) திரவம் ஸ்பஞ்சால் மெல்லிய ஒரே இழுப்பு. இந்த மலையில் அதிகம் பேர் தவறுவது பி.வி.ஏ.வில்தான். சமவெளியில் அரை மணியில் காய்வது இங்கே மழைநாளில் அரை நாளானாலும் பிசுபிசுக்கும். ஈரம் தங்கிய பி.வி.ஏ.வின் மேல் எபாக்சி பட்டால் மேற்பரப்பு பால் நிறமாகி, ஊசிமுனைக் குழிகள் விழும். பல இடங்களில் பிடித்தும் கொள்ளும். பிளக்கைச் சூட்டுப் பெட்டியில் ஒரு மணி நேரம் வைத்து, விரல் முதுகால் தொட்டுப் பார்த்து, வழுக்கினால் மட்டும் மேலே போங்கள். வெளியே குளிர்ந்து கிடந்த பிளக்கையோ மோல்டையோ நேராகச் சூடான அறைக்குக் கொண்டுவந்து ரெசின் பூசவும் கூடாது. கண்ணுக்குத் தெரியாத பனி நீர் அதன்மேல் படிந்திருக்கும்.

மேற்பூச்சுக்கு எபாக்சியில் ஏரோசில் என்ற நுண்ணிய சிலிக்கா பொடியைக் கலந்து, பிரஷ்ஷில் எடுத்தால் ஒழுகாத பதத்துக்குக் கொண்டுவந்து பூசுங்கள். பொடி மிக லேசானது, காற்றில் எழும்பும், முகக்கவசம் தேவை. பூச்சு, விரலில் ஒட்டும் ஆனால் விரலோடு வராது என்ற பதத்துக்கு வந்ததும் துணி போடலாம். அதற்கு முன் போட்டால் துணியின் நெசவு வெளியே தெரியும். முழுக்க இறுகிய பின் போட்டால் அடுக்கு பிரியும். மோல்டுக்கு 50 கிராம் துணி ஒன்று, மேலே 200 கிராம் துணி பத்து அடுக்கு; இரண்டரை மில்லிமீட்டர் தடிமன் வரும். அதை மூன்று தவணையாகப் போடுங்கள். ஒரே மூச்சில் போட்டால் சூடேறி வளையும்.

முதல் பாதி பெட்டியில் ஒரு நாள் இறுகிய பிறகு பலகையை மட்டும் கழற்றுங்கள், பிளக்கை அசைக்காதீர்கள். ஆசையில் பிளக்கை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தால் முடியளவு விலகும். இரண்டு பாதியும் அதன்பின் சேரவே சேராது. ஃபிளாஞ்சுக்கு வாக்ஸ், பி.வி.ஏ. போட்டு, அதே முறையில் இரண்டாம் பாதி. அதுவும் இறுகியதும், இரண்டும் ஒட்டியிருக்கும்போதே 50 மில்லிமீட்டருக்கு ஒன்றாக போல்ட் துளைகளைப் போட்டுவிடுங்கள். பிரிக்க ஸ்க்ரூ டிரைவர் எடுக்க வேண்டாம். ஐஸ் குச்சியை ஆப்பாகச் செருகி, இடுக்கில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டால் பி.வி.ஏ. கரைந்து தானே விடும்.

உறுப்பை வார்க்க இரண்டு பாதிகளையும் போல்ட் போட்டுப் பூட்டி, பின்பக்கத் திறப்பு வழியாகத் துணியை இறக்குங்கள். இணைப்புக் கோடே வராது. புது மோல்டுக்கு வாக்ஸ் மறுபடியும் ஆறு பூச்சு. துணியை நெசவுக்கு 45 டிகிரி சாய்வாக வெட்டினால் வளைவில் மடிப்பில்லாமல் படியும். துண்டுகளின் ஓரம் 10 மில்லிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். அடுத்த அடுக்கின் ஏற்றம் வேறு இடத்தில் விழ வேண்டும். முன்பக்க மூலையில் ஏரோசில் கலந்த ரெசினை முதலிலேயே தடவி வையுங்கள். பிரஷ்ஷை இழுக்காமல் நுனியால் குத்திக் குத்தி ரெசினை இறக்குங்கள். துணி கண்ணாடியாகத் தெளிந்தால் போதும். வெள்ளையாகத் தெரிந்தால் ரெசின் போதவில்லை, பளபளவென்று தேங்கினால் அதிகம். தேங்கிய இடத்தில் டிஷ்யூ தாளை ஒற்றி எடுங்கள். தாள் உறிஞ்சுவது அத்தனையும் வீண் எடை. பின் விளிம்பில், திருகு வரும் இடத்தில் மட்டும் 20 மில்லிமீட்டர் அகலப் பட்டை ஒன்று கூடுதலாக. பெட்டியில் ஒரு முழு நாள். பிறகு போல்ட்டைக் கழற்றி, பக்கங்களை லேசாக அமுக்கினால் உறுப்பு வந்துவிடும்.

திருகுத் துளையைத் திருகை விட ஒரு மில்லிமீட்டர் பெரிதாகப் போட்டு, சிலிகான் எரிபொருள் குழாயில் ஒரு துண்டு வெட்டி வாஷராக வையுங்கள். இல்லாவிட்டால் எஞ்சின் அதிர்வில் விரிசல் அந்தத் துளையிலிருந்துதான் கிளம்பும். காற்று உள்ளே வரும் வாயைப் போல் இரண்டு, மூன்று மடங்கு பரப்பு வெளியேறும் வாய்க்கு வேண்டும். மெல்லிய மலைக்காற்று எஞ்சினைக் குளிர்விப்பதும் குறைவு என்பதால் மூன்று மடங்கே நல்லது. குளோ எரிபொருளில் மெத்தனால் இருப்பதால் சாதாரண ஸ்ப்ரே பெயின்ட் கரையும். இரண்டு டப்பா கலந்து அடிக்கும் பி.யு. (பாலியூரித்தேன்) பெயின்ட் நிற்கும். உறுதிக்காகக் கார்பன் துணி போட ஆசைப்படுபவர்கள், ரிசீவரின் ஆன்டெனாவைச் சுற்றி மட்டும் அதைப் போட வேண்டாம். கண்ணாடி இழை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை விடும், கார்பன் மறைக்கும்.

கையுறை நைட்ரைலாக இருக்கட்டும். எபாக்சி ஹார்டனர் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒவ்வாமை பிடிக்கும், பிடித்தால் வாழ்நாள் முழுக்க விடாது. கையில் பட்டதை அசிட்டோனால் துடைத்தால் இன்னும் உள்ளேதான் இறங்கும். சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இறுகியதைத் தேய்க்கும்போது தண்ணீர் விட்டே தேயுங்கள்.

கலக்கும் கிண்ணத்தைப் பற்றியும் அந்தக் குறிப்பில் "பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் கப்" என்று இருந்தது. அது நம் மாவட்டத்தில் தடை செய்யப்பட்ட பொருள். மெழுகு பூசிய காகிதக் கப்பும் வேண்டாம், மெழுகு ரெசினில் கலந்து ஒட்டுதலைக் கெடுக்கும். பாலிபுரொப்பிலீன் டப்பா ஒன்று வைத்துக்கொண்டால், மிச்ச ரெசின் இறுகியதும் டப்பாவை முறுக்கினால் வில்லையாகக் கழன்று விழும். அதே டப்பாவை நூறு முறை பயன்படுத்தலாம். இறுகாத ரெசினை ஓடையிலோ குப்பையிலோ கொட்டாமல், மிச்சத்தையும் கலந்து இறுக வைத்தே அப்புறப்படுத்துங்கள். ஃபைபர் துண்டுகளை எரிக்கவும் கூடாது.

ஹார்டனர் பற்றிய வரிக்கும் கப் பற்றிய வரிக்கும் உரிய திருத்தத்தை, அதே மாணவர் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். கோபால்ட், எம்.ஈ.கே.பி. பற்றிய எச்சரிக்கையைத் தனிக் கட்டமாகப் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
மாதிரி விமானம் கட்டுவோர் சிலர்,
குன்னூர், கோத்தகிரி.